புது எஞ்சின் பழகும் கதை

1950-களில் இங்கிலாந்துச் சாலைகளில் ஓடிய புதிய கார்கள் சிலவற்றின் பின்கண்ணாடியில் ஒரு சீட்டு ஒட்டியிருக்கும். ‘ரன்னிங் இன், ப்ளீஸ் பாஸ்’ என்பது அதிலுள்ள வாசகம். ‘எஞ்சின் இன்னும் பழகி முடியவில்லை, மெதுவாகத்தான் போவேன், நீங்கள் முந்திச் செல்லுங்கள்’ என்பது அதன் பொருள். அந்நாட்டு மாரிஸ் ஆக்ஸ்போர்டு காரின் வடிவில் நம் நாட்டில் 2014 வரை உருவான அம்பாசிடர் காரை ரீபோர் செய்து தந்த நம் மெக்கானிக்குகளும், “ரன்னிங் இன்னில் இருக்கிறது, பார்த்து ஓட்டுங்கள்” என்றுதான் சொல்லி அனுப்பினார்கள்.

உங்களுக்கு ஓர் ஐயம் எழலாம். புதுச் செருப்பு காலுக்குப் பழகும், அது தோல். நன்றாகக் கடைந்து, அளந்து, பூட்டிய இரும்பு எஞ்சின் எதற்காகப் பழக வேண்டும்? விடை காண நாம் நீராவி எஞ்சின் காலத்துக்குச் செல்ல வேண்டும்.

ஜேம்ஸ் வாட்டின் எஞ்சினுக்கு வேண்டிய உருளையை (சிலிண்டரை) 1775-இல் ஜான் வில்கின்சன் கடைந்து தந்தார். 50 அங்குல விட்டமுள்ள உருளையிலும் பிழை ஒரு பழைய ஷில்லிங் நாணயத்தின் தடிமனைத் தாண்டவில்லை என்று வாட்டின் கூட்டாளியான போல்ட்டன் வியந்து எழுதினார். ஆனால் அந்த நாணயத் தடிமனுள்ள இடைவெளியும் நீராவி தப்பிச் செல்லப் போதும். ஆகவே பிஸ்டனைச் சுற்றிச் சணற்புரியைத் திணித்து, கொழுப்பைப் பூசி அடைத்தார்கள்.

1850-களில் ஜான் ராம்ஸ்பாட்டம் என்ற ரயில் பொறியாளர் சணலுக்கு விடை கொடுத்தார். ஓரிடத்தில் வெட்டு விட்ட உலோக வளையத்தை உருளையைவிடச் சற்றே பெரிதாகச் செய்தார். அதை அமுக்கி உள்ளே நுழைத்தால், விரிய முயன்று சுவரை எப்போதும் அழுத்திக்கொண்டே இருக்கும். இன்றைய காரிலுள்ள பிஸ்டன் ரிங்கும் இதே தத்துவத்தில்தான் வேலை செய்கிறது.

இங்கேதான் புதுச் சிக்கல் பிறந்தது. சணல் வளைந்து கொடுக்கும். உலோகம் அப்படிக் கொடுக்காது. வளையத்தின் வட்டமும் உருளையின் வட்டமும் அணுவளவும் பிசகாமல் ஒன்றாக இருப்பதில்லை. புதிதில் அவை சில இடங்களில் மட்டுமே தொடும். ஓட ஓட, தொடும் மேடுகள் தேய்ந்து, தொடாத இடங்களும் தொடத் தொடங்கும். ஆகவே எஞ்சினின் கடைசித் தொழிலாளி கடைசல் எந்திரம் அன்று, எஞ்சினேதான்! தன் வேலையைத் தானே முடித்துக்கொள்ளும் அந்தக் காலத்தையே ‘பழகுதல்’ என்கிறோம்.

தொடுதல் என்றால் என்ன என்பதே இயற்பியலுக்கு நெடுங்காலம் புதிராக இருந்தது. உராய்வு சுமையைப் பொறுத்தது, தொடும் பரப்பைப் பொறுத்ததன்று என 1699-இல் பிரான்ஸ் நாட்டு அமான்டன் கூறினார். பரப்பு பெரிதானால் உராய்வும் பெரிதாக வேண்டாமா? கேம்பிரிட்ஜில் பௌடனும் டேபரும் இதற்கு விளக்கம் தந்தார்கள். 1939-இல் அவர்கள் உலோகங்களின் தொடர்பினூடே மின்சாரத்தைச் செலுத்தி, உண்மையில் தொடும் பரப்பு மிகமிகச் சிறியது என்று காட்டினார்கள்.

நீங்களே கணக்கிட்டுப் பார்க்கலாம். சாதாரண எஃகு, சதுர மில்லிமீட்டருக்குச் சுமார் 130 கிலோ எடை வரை தாங்கும். அதற்கு மேல் நசுங்கும். ஓர் எஃகுத் தட்டின்மேல் 1 கிலோ எஃகுக் கட்டி இருப்பதாகக் கொள்வோம். தொடும் மேடுகள் நசுங்கி, எடையைத் தாங்கும் அளவு பரப்பு கிடைத்ததும் நின்றுவிடும். அந்தப் பரப்பு 1/130 சதுர மில்லிமீட்டர்தான்! கட்டியின் அடிப்பாகம் எவ்வளவு அகலமாயினும் இதில் மாற்றமில்லை.

முழுச் சுமையையும் தாங்கும் இச்சிறு முனைகள் உராயும்போது என்ன ஆகும்? வெவ்வேறு உலோகங்களை உராயவிட்டு, அவற்றையே வெப்ப மின்னிரட்டையாகக் கொண்டு பௌடன் 1936-இல் அளந்தார். உலோகம் உருகும் அளவுக்குக்கூட முனைகளில் வெப்பம் ஏறக்கூடும் என்று தெரிந்தது. மேடுகள் தேயுமுன் புது எஞ்சினை விரட்டி ஓட்டினால் வளையமும் சுவரும் ஒன்றையொன்று பிறாண்டிவிடும். ‘மெதுவாகப் போ’ என்ற பழைய விதிக்கு இதுவே காரணம்.

ஆனால் அவ்விதி பாதி உண்மைதான். மறு பாதிக்கு எண்ணெயைக் கவனிப்போம். 1883-இல் இங்கிலாந்தில் பீச்சம் டவர் ரயில் அச்சின் பேரிங்கைச் சோதித்தபோது, மேலே துளைத்த ஓட்டையை மரத்தக்கையால் அடைத்தார். எண்ணெய் அதை வெளியே தள்ளிவிட்டது! சுழலும் அச்சு தானே எண்ணெயை இடுக்கில் இழுத்து, அழுத்தம் உண்டாக்கி, அதன்மேல் மிதக்கிறது என்பதை 1886-இல் ரெனால்ட்ஸ் கணித முறையில் விளக்கினார். வேகம் குறைந்தாலோ சுமை மிகுந்தாலோ அந்தப் படலம் மெலிந்து உராய்வு ஏறும் என்பதை 1902-இல் ஜெர்மனியின் ஸ்ட்ரிபெக் அளந்து காட்டினார்.

பிஸ்டன் ஒவ்வொரு வீச்சின் முடிவிலும் ஒரு கணம் நின்று திரும்புகிறது. அங்கே படலம் மெலிகிறது. பழைய உருளையின் மேல்விளிம்பருகே விரல் நகத்தால் தடவினால் ஒரு படி தட்டுப்படுவது இதனால்தான்.

ஆகவே சுவர் எண்ணெயைப் பிடித்து வைக்க வேண்டும். கண்ணாடிபோல் வழவழப்பாக இருக்கக் கூடாது. ரீபோர் செய்தபின் ஹோனிங் கல்லால் குறுக்கும் நெடுக்குமாகக் கீற்றுகள் போடுவது இதற்காகவே. மேடுகளின் உச்சி மட்டும் தேய்ந்து சமதளமாகி, பள்ளங்களில் எண்ணெய் தங்கினால் எஞ்சின் பழகிவிட்டது என்று பொருள்.

அந்த உச்சிகளைச் சீவுவது எது? வளையத்தின் வில்விசை மட்டுமன்று. எரிந்த வாயு வளையத்தின் பின்புறம் புகுந்து அதைச் சுவரோடு அழுத்துகிறது. சுமையோடு ஓடும் பெட்ரோல் எஞ்சினில் இவ்வழுத்தம் வளிமண்டல அழுத்தத்தைப்போல் நாற்பது, ஐம்பது மடங்கை எட்டுவதுண்டு. சும்மா ஓடும்போது (ஐட்லிங்) இது மிகக் குறைவு.

இப்போது கடன் வாங்கி எஞ்சினைப் புதுப்பித்த ஒரு வாடகைக் காரின் சொந்தக்காரரை எண்ணிப் பாருங்கள். பயந்து பயந்து வாரக்கணக்கில் உருட்டிச் செல்கிறார். உச்சிகள் சீவப்படவில்லை, சுவரில் எண்ணெய் கருகி மெருகுபோல் படிகிறது, அதன்மேல் வளையம் வழுக்குகிறது. நீலப்புகை வருகிறது, எண்ணெய் தீர்கிறது. எஞ்சினை மறுபடியும் பிரிக்க வேண்டியதுதான்! அவர் பட்ட பாடெல்லாம் அவருடைய அக்கறையாலேயே வீணாயிற்று.

சரியான முறை நடுவழிதான். சும்மா ஓடவிடாதீர்கள், முழு வேகத்திலும் விரட்டாதீர்கள். முதல் சில நூறு கிலோமீட்டருக்கு மிதமான சுமை கொடுத்து, வேகத்தை ஏற்றியும் இறக்கியும் ஓட்டுங்கள். சீவிய உலோகத்தூள் கலந்த முதல் எண்ணெயை விரைவில் மாற்றுங்கள். இன்றைய புதுக் கார்களின் உருளைகளில் உச்சிகளைத் தொழிற்சாலையிலேயே சீவிவிடுவது வழக்கமாகிவிட்டதால் இவ்வேலை பெரிதும் குறைந்துவிட்டது. பட்டறையில் புதுப்பித்த எஞ்சினுக்கு அது இன்றும் உண்டு.

இதையெல்லாம் நம் பாட்டிமார் அறிந்திருந்தார்கள் எனலாம். புது அம்மியில் முதலில் அரைத்ததைக் கல்தூள் கலந்ததென்று கொட்டிவிடுவார்கள். அது முதல் எண்ணெய். கல் வழவழப்பானால் அம்மி கொத்துபவரைக் கூப்பிடுவார்கள், அது ஹோனிங். அரைக்காமல் வைத்திருந்த அம்மி எதுவும் பழகியதில்லை!