இடா பிரெஸ்தி: நான்கு வரிச் செய்தியில் விடுபட்ட பெயர்

1999 ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதத்தின் கடைசி வாரம். கொழும்பில் பத்திரிகை ஒன்றின் வெளிநாட்டுச் செய்திப் பிரிவில் இரவுப் பணியில் இருந்தேன். பக்கம் அச்சுக்குப் போவதற்குச் சற்று முன்னர் ஒரு மரணச் செய்தி வந்து சேர்ந்தது. பிரான்சின் புகழ்பெற்ற கிற்றார் கலைஞரும் ஆசிரியருமான அலெக்சாந்தர் லகோயா ஓகஸ்ட் 24 ஆம் திகதி பாரிஸ் நகரில் காலமானார். அவருக்கு வயது எழுபது. பக்கத்தின் கீழ் மூலையில் நான்கு வரிகளுக்கு மட்டுமே இடமிருந்தது. வந்த செய்தியில், மறைந்த தமது மனைவி இடா பிரெஸ்தியுடன் இணைந்து வாசித்து அவர் புகழ்பெற்றார் என்றொரு வாக்கியமும் இருந்தது. அதை நான் வெட்டிவிட்டேன். இடம் போதவில்லை என்பது ஒரு காரணம். இடா பிரெஸ்தி யாரென்று எனக்குத் தெரியாது என்பது இன்னொரு காரணம்.

சில ஆண்டுகளின் பின்னர் நண்பர் ஒருவர் தந்த இறுவட்டு ஒன்றைக் கேட்கும் வாய்ப்புக் கிடைத்தது. தனியொருவர் வாசிக்கும் கிற்றார் என்றே முதலில் எண்ணினேன். ஒரு கையால் இத்தனை சுரங்களை எப்படி எழுப்ப முடியும் என்று வியந்து உறையைப் புரட்டிப் பார்த்தபோது அதில் இரண்டு பெயர்கள் இருந்தன. முதலாவது பெயர் இடா பிரெஸ்தி. அன்றிரவு நான் வெட்டியெறிந்தது எவருடைய பெயரை என்பது அப்போதுதான் விளங்கிற்று. அதன் பின்னர் அவரைப் பற்றித் தேடித் தேடி வாசித்தேன். பத்திரிகையில் பிழை நேர்ந்தால் திருத்தம் வெளியிடுவது வழக்கம். மிகவும் காலந்தாழ்ந்த அத்தகைய திருத்தமாகவே இதனை எழுதுகிறேன்.

இடா பிரெஸ்தியின் இயற்பெயர் இவெத் மொந்தாஞோன். 1924 மே 31 ஆம் திகதி பாரிஸ் நகரை அடுத்துள்ள சுரேன் என்ற இடத்தில் பிறந்தார். தந்தை பியானோ கற்பிக்கும் ஆசிரியர். தாயார் இத்தாலிய வழியினர். மேடைக்காக அவர் எடுத்துக்கொண்டது தாயின் குடும்பப் பெயரையே. அவர் பிறப்பதற்குச் சில வாரங்களுக்கு முன்னர், 1924 ஏப்ரல் மாதத்தில், ஸ்பானியக் கிற்றார் மேதை அந்திரே செகோவியா பாரிஸில் தமது முதற் கச்சேரியை நிகழ்த்தியிருந்தார். மதுச்சாலைகளுக்கும் வீட்டு விருந்துகளுக்கும் உரிய வாத்தியம் எனப் பலரும் எண்ணியிருந்த கிற்றாரை வயலினுக்கும் பியானோவுக்கும் நிகராகக் கச்சேரி மேடையில் அமர்த்தும் முயற்சி அப்போதுதான் வேகம் பெற்றுக்கொண்டிருந்தது. அந்த முயற்சியுடன் ஒன்றாகவே இச்சிறுமியும் வளர்ந்தார் எனலாம்.

முதலில் பியானோவும் பின்னர் கிற்றாரும் தந்தையிடம் கற்றார். சிறிது காலம் மரியோ மக்கஃபெரியிடமும் பயின்றார். ஜாங்கோ ரைன்ஹார்ட் வாசித்துப் புகழ்பெற்ற செல்மர் கிற்றாரை வடிவமைத்தவர் இந்த மக்கஃபெரியே. எட்டு வயதில் பொதுமேடை ஏறிய இடா, பத்து வயதில் பாரிஸில் முழுக் கச்சேரி நிகழ்த்தினார். பதின்மூன்று வயதளவில் பாக், பகனினி, அல்பேனிஸ் ஆகியோரின் ஆக்கங்களை இசைத்தட்டுகளில் பதிவு செய்தார். பாரிஸ் இசைக் கல்லூரியுடன் இணைந்த புகழ்பெற்ற வாத்தியக்குழுவின் கச்சேரித் தொடரில் முதன்முதலாக ஒரு கிற்றார் ஒலித்தது 1938 இல். அதை வாசித்தவரும் இச்சிறுமியே. அவருக்குக் கற்பிக்கத் தம்மிடம் எதுவுமில்லை என்று செகோவியா கூறியதாகச் சொல்லப்படுவதுண்டு.

இளமேதைகள் பலர் வாலிப வயதில் மங்கிவிடுவதைப் பார்த்திருக்கிறோம். இடாவின் இளமை இரண்டாம் உலகப் போர்க் காலத்தில், நாசிகளின் பிடியிலிருந்த பிரான்சில் கழிந்தது. ஆயினும் அவருடைய கலை மங்கவில்லை. ஹோவாக்கின் ரொட்ரிகோ இயற்றிய அரான்ஹுவெஸ் கொன்சேர்ட்டோவை இன்று அறியாத கிற்றார் இரசிகர் இல்லை. 1940 இல் பார்சிலோனாவில் அரங்கேறிய அந்த ஆக்கத்தை 1948 இல் வானொலி வழியாகப் பிரான்சுக்கு முதலில் அறிமுகப்படுத்தியவர் இடா. அப்போது அவருக்கு இருபத்து நான்கு வயதுகூட நிரம்பியிருந்ததோ என்னவோ, தனிக்கலைஞராக உலகை வலம்வரத்தக்க தகுதிகள் அனைத்தும் அவரிடம் இருந்தன.

இந்தக் கட்டத்தில்தான் லகோயா வருகிறார். 1929 இல் எகிப்தின் அலெக்சாந்திரியாவில் கிரேக்கத் தந்தைக்கும் இத்தாலியத் தாய்க்கும் பிறந்தவர். இளமையிலேயே கச்சேரிகள் நிகழ்த்தி, மேற்படிப்புக்காகப் பாரிஸ் வந்து, பின்னாளில் பிரெஞ்சுக் குடிமகனானவர். பாரிஸில் அந்திரே வெர்தியே என்ற கிற்றார் ஆர்வலரின் வீட்டில் கலைஞர்கள் கூடி வாசிப்பது வழக்கம். 1950 களின் தொடக்கத்தில் அந்த வீட்டில்தான் இருவரும் சந்தித்தனர். விரைவில் மணம் புரிந்துகொண்டனர். தசாப்தத்தின் நடுப்பகுதியிலிருந்து இருவரும் சேர்ந்தே மேடையேறினர். அதன் பின்னர் இடா தனித்து வாசிப்பதைப் பெரும்பாலும் கைவிட்டார்.

இரண்டு கிற்றார்கள் சேர்ந்து வாசிப்பது இலகுவானது என எண்ணுவோர் உளர். உண்மை அதற்கு நேர்மாறானது. வயலினில் வில்லைக்கொண்டு சுரத்தை மெல்ல எழுப்பலாம். சிறு தாமதம் காதுக்குத் தெரியாது. கிற்றாரில் தந்தியை மீட்டிய கணத்திலேயே சுரம் கூர்மையாகப் பிறந்து உடனே தேயத் தொடங்கிவிடுகிறது. இருவரில் ஒருவர் இம்மியளவு பிந்தினாலும் கேட்பவருக்குத் தெரிந்துவிடும். பிரெஸ்தியும் லகோயாவும் இந்த இடைவெளியை இல்லாமற் செய்தனர். வலக்கை நகத்தின் வலப்பக்கத்தால் தந்தியை மீட்டும் முறையை இருவரும் கையாண்டனர். பெரும்பாலான கலைஞர்கள் இடப்பக்கத்தையே பயன்படுத்துவர். திரண்ட, கனமான ஒலி இந்த முறையில் கிடைத்தது. பாரிஸில் ஓவியராக இருந்து கிற்றார் செய்யத் தொடங்கிய ரொபேர் பூஷே உருவாக்கிய வாத்தியங்களை இருவரும் வாசித்தனர். ஒரே முறை, ஒரே பட்டறையின் வாத்தியம், நாள்தோறும் ஒரே அறையில் பயிற்சி. எந்தச் சுரம் எவருடையது என்று பழகிய செவிகளாலும் பிரித்தறிய இயலாதிருந்ததில் வியப்பில்லை.

இரண்டு கிற்றார்களுக்கென எழுதப்பட்ட இசை அப்போது அதிகம் இருக்கவில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டில் பாரிஸில் வாழ்ந்து மறைந்த ஃபெர்னாண்டோ சோர் போன்றோரின் சில ஆக்கங்களே இருந்தன. ஆகவே இவர்கள் பாக், ஸ்கார்லத்தி, டெபுசி ஆகியோரின் விசைப்பலகை இசையை இரு கிற்றார்களுக்கு மாற்றியமைத்தனர். இவர்களைக் கேட்டு மயங்கிய இசையமைப்பாளர்கள் புதியனவற்றை எழுதிக் கொடுத்தனர். பிரான்சின் அந்திரே ஜொலிவே, பியேர் பெத்தி ஆகியோர் அவர்களுட் சிலர். ரொட்ரிகோ ‘தொனாதில்யா’ என்ற ஆக்கத்தை எழுதினார். முசோலினியின் இனச்சட்டங்கள் காரணமாக 1939 இல் இத்தாலியை விட்டு வெளியேறி அமெரிக்காவில் குடியேறிய யூத இசையமைப்பாளர் மரியோ காஸ்தெல்நுவோ-தெதெஸ்கோ, பாக்கின் புகழ்பெற்ற விசைப்பலகைத் தொகுப்பை மனதிற்கொண்டு இருபத்து நான்கு பிரெலூட்களும் பியூக்களும் அடங்கிய பெருந்தொகுப்பை 1962 இல் இவர்களுக்காக இயற்றினார். ஒரே இராகத்துணுக்கைப் பல குரல்கள் மாறி மாறிப் பின்தொடர்வதே பியூக். ஒரு கிற்றாருக்குப் பெரும் சுமையாகும் அந்த வடிவம் இந்த இருவரின் இருபது விரல்களுக்கும் பொருந்திவந்தது.

இவர்கள் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட கச்சேரிகளை நிகழ்த்தியதாகக் கூறுவர். அத்துடன் பாரிஸில் ஸ்கோலா கன்தோரும் இசைப்பள்ளியிலும், நீஸ் நகரின் கோடைக்காலப் பயிற்சி வகுப்புகளிலும் இருவரும் கற்பித்தனர். பல நாடுகளிலிருந்தும் மாணவர் வந்தனர். அமெரிக்கக் கலைஞர் அலிஸ் ஆர்ட்ஸ் அவர்களுள் ஒருவர். இடா தாமும் சில ஆக்கங்களை இயற்றினார். ‘தாளநடனம்’ என்று நாம் பெயர்க்கத்தக்க ஒன்றும், தாய்க்கு எழுதிய தாலாட்டு ஒன்றும் அவற்றுள் அடங்கும்.

1967 ஏப்ரல் மாதம் அமெரிக்கச் சுற்றுப்பயணத்தில் இருந்தபோது இடா நோயுற்றார். 24 ஆம் திகதி நியூயோர்க் மாநிலத்தின் ரொச்செஸ்ரர் நகரில் திடீர் உள்ளக இரத்தப்பெருக்கினால் உயிர் நீத்தார். நாற்பத்து மூன்று வயது நிறைய ஐந்து வாரங்கள் இருந்தன. அதற்கு முந்திய ஆண்டில் ரொட்ரிகோ இவர்கள் இருவருக்காகவே ‘மத்ரிகல் கொன்சேர்ட்டோ’வை இயற்றி முடித்திருந்தார். அதை அவர்கள் அரங்கேற்றவில்லை. 1970 இல் ஹொலிவூட் திறந்தவெளி அரங்கில் ரொமேரோ சகோதரர்களே அதனை முதலில் வாசித்தனர். இன்று அந்த இசையைக் கேட்கும்போதெல்லாம், எந்த இரு கைகளுக்காக அது எழுதப்பட்டதோ அந்தக் கைகளை நினையாமல் என்னால் கேட்க முடிவதில்லை.

லகோயா சில காலம் மேடையை விட்டு ஒதுங்கியிருந்தார். 1969 இல் பாரிஸ் தேசிய இசைக் கல்லூரியில் கிற்றாருக்கென முதன்முதலாக வகுப்பு ஆரம்பிக்கப்பட்டபோது அதன் பேராசிரியரானார். 1795 இல் நிறுவப்பட்ட அக்கல்லூரி கிற்றாரை உள்ளே அனுமதிக்க ஏறத்தாழ நூற்று எழுபத்தைந்து ஆண்டுகள் எடுத்துக்கொண்டது. 1994 வரை இருபத்தைந்து ஆண்டுகள் லகோயா அங்கு கற்பித்தார். தனிக்கலைஞராகவும் மீண்டும் உலகை வலம்வந்தார். கனடாவின் லியோனா பொய்ட் உட்படப் பலர் அவரிடம் பயின்றனர். அவர் உழைத்துப் பெற்ற புகழ் அது. அதில் குறைசொல்ல எதுவுமில்லை.

ஆயினும் நினைவு என்பது எப்படி உருவாகிறது என்பதை இந்த இருவரின் கதை எனக்குக் கற்பித்தது. முப்பத்திரண்டு ஆண்டுகள் கூடுதலாக வாழ்ந்தவருக்குப் பதவி இருந்தது, மாணவர் பரம்பரை இருந்தது, தொலைக்காட்சியும் புதிய ஒலிப்பதிவுகளும் இருந்தன. அவர் இறந்தபோது எழுதுவதற்கு ஆட்கள் இருந்தனர். இடாவுக்கு எஞ்சியவை சிறுவயதுத் தட்டுகளும், சொற்பமான தனி ஒலிப்பதிவுகளும், கணவருடன் சேர்ந்து செய்த தட்டுகளுமே. அந்தத் தட்டுகளிலும் அவரைத் தனியே பிரித்தெடுக்க முடியாது. அவ்வளவு தூரம் அவர் இணைந்து வாசித்திருந்தார்.

அவர் தனிவழியைக் கைவிட்டது ஒரு தியாகம் என்று எழுதுவோர் இருக்கின்றனர். அதை என்னால் முழுமையாக ஏற்க இயலவில்லை. மனைவி என்பதற்காகப் பின்னணிக்குச் சென்றவர் அல்லர் அவர். இரண்டு கிற்றார்களுக்கான இசை என்ற ஒன்றைக் கச்சேரி மேடைக்குரியதாக உருவாக்கியவர்களில் அவர் சரிபாதி. இன்று எந்த நாட்டில் எந்த இருவர் கிற்றார்களுடன் மேடையில் அமர்ந்தாலும் அவர்கள் வாசிக்கும் ஆக்கங்களில் சில அவருக்காக எழுதப்பட்டவை. அவரைப் பின்னணிக்குத் தள்ளியவர்கள் பின்னால் வந்த எம்மைப் போன்றவர்களே. இடமில்லை என்று ஒரு வாக்கியத்தை வெட்டும்போது எதை வெட்டுகிறோம் என்று நாம் யோசிப்பதில்லை.

அவர்கள் வாழ்ந்த காலத்தில் விளம்பரத் தாள்களிலும் தட்டுறைகளிலும் அந்த இணையின் பெயர் ‘பிரெஸ்தி - லகோயா’ என்றே அச்சிடப்பட்டது. அவர் பெயரே முதலில் நின்றது. ஆகவே அந்த நான்கு வரிகளை இன்று மீண்டும் எழுதக் கிடைத்தால் இவ்வாறு எழுதுவேன்: இடா பிரெஸ்தியுடன் இணைந்து இரட்டைக் கிற்றார் இசைக்குப் புதுவாழ்வு அளித்த அலெக்சாந்தர் லகோயா பாரிஸில் காலமானார். அவருக்கு வயது எழுபது. பிரெஸ்தி 1967 இல் காலமானார். பாரிஸ் இசைக் கல்லூரியின் முதலாவது கிற்றார் பேராசிரியராக லகோயா இருபத்தைந்து ஆண்டுகள் பணியாற்றினார்.

எண்ணிப் பார்த்தேன். அதே மூலையில், அதே நான்கு வரிகளுக்குள் இது அடங்கியிருக்கும்.