மதராசி: ஊர் போனபின்னும் நின்ற பெயர்

பஞ்சாபி என்றால் ஓர் ஆள். அவர் பேசும் மொழியும் அதுவே. குஜராத்தி, சிந்தி, வங்காளி எல்லாம் அப்படித்தான். இந்தியில் ஊர்ப்பெயரின் வாலில் ஓர் 'ஈ' ஒட்டிவிட்டால் மனிதரும் மொழியும் ஒருசேரக் கிடைத்துவிடும். இந்த வரிசையில் 'மதராசி' மட்டும் அரைகுறைப் பிறவி. மதராசி என்று ஆள் உண்டு. மதராசி என்று மொழி கிடையாது. ஆனாலும் டில்லிக்கோ கான்பூருக்கோ வேலைக்குப் போன நம்மவர்களில் பலர், "உங்க மதராசியில இதுக்கு என்ன சொல்வீங்க?" என்ற கேள்விக்குப் பதில் சொல்லித்தான் ஆகவேண்டியிருந்தது. இல்லாத மொழிக்கு ஓசையும், இல்லாத இனத்துக்கு முகமும் கொடுத்தது யார் என்று பார்க்க, பெயரின் வேரிலிருந்து வருவதுதான் சரி.

1639இல் தாமர்ல நாயக்கர்களிடம் கிழக்கிந்தியக் கம்பெனிக்காகப் பிரான்சிஸ் டே ஒரு கடற்கரைத் துண்டைப் பெற்றார். அந்த இடத்தைச் சுற்றி இரண்டு பெயர்கள் புழங்கின: மதராஸ்பட்டணம், சென்னப்பட்டணம். பின்னது அந்த நாயக்கர்களின் தந்தை சென்னப்பரின் பெயரால் வந்தது என்பதில் பெரிய சண்டை இல்லை. முன்னதற்கு மீனவத் தலைவர் ஒருவர், போர்த்துகீசியக் குடும்பம் ஒன்று, மதரஸா என்று ஆளுக்கொரு தகப்பனைச் சொல்கிறார்கள். அந்த வழக்கு இன்னும் முடியவில்லை. நம் கதைக்கு அது முடியவேண்டிய அவசியமும் இல்லை.

கவனிக்க வேண்டியது வேறு. அந்தக் கடற்கரையில் கம்பெனியின் கோட்டை எழுந்த காலத்தில் அங்கிருந்த தமிழரை வெள்ளைக்காரர்கள் 'மதராசி' என்று அழைக்கவில்லை. அவர்களுக்குத் தமிழர் 'மலபார்', தெலுங்கர் 'ஜென்டூ'. போர்த்துகீசியர் முதலில் கரையேறியது மேற்குக் கடற்கரையில். அங்கே கற்ற பெயரைச் சுமந்துகொண்டு கிழக்குக்கு வந்து, கண்ணில் பட்டவர் தலையிலெல்லாம் இறக்கி வைத்தார்கள். ஆங்கிலேயர் அதை வாங்கிக்கொண்டார்கள். தரங்கம்பாடியில் ஜெர்மானிய மிஷனரி சீகன்பால்கு படித்த தமிழும் ஐரோப்பாவுக்கு 'மலபார்' மொழியாகத்தான் போய்ச்சேர்ந்தது. ரியூனியன் தீவில் தமிழ் வழிவந்தவர்கள் இன்றைக்கும் 'மல்பார்'தான். பெயர் வைப்பவன் தான் முதலில் இறங்கிய துறையை வைத்துப் பெயர் வைக்கிறான்; பெயர் பெறுபவன் எந்த ஊர்க்காரன் என்பது அவனுக்குப் பொருட்டே இல்லை.

மதராஸ் மாகாணம் விரிந்தபிறகு அந்தப் பெயரின் நிழலும் விரிந்தது. தமிழ் மாவட்டங்கள், ஆந்திரக் கரையோரம், மலபார், தென்கன்னடம், பெல்லாரி, 1936 வரை கஞ்சம் என்ற ஒடியப் பகுதிகூட அதற்குள் இருந்தன. மைசூர், திருவிதாங்கூர், ஹைதராபாத் சமஸ்தானங்கள் என்றுமே அதற்குள் இல்லை. பின்னாளில் மைசூர்க்காரரையும் திருவனந்தபுரத்துக்காரரையும் 'மதராசி' என்று அழைத்தவர்களுக்கு வரைபடத்தின் ஆதரவுகூடக் கிடையாது.

இங்கே ஒரு வேடிக்கை. மதராஸ்காரரைச் சாப்பாட்டை வைத்து முதலில் கேலி செய்தது வெள்ளையர். கேலிக்கு ஆளானதும் வெள்ளையர்தான். மதராஸ் மாகாணத்து ஆங்கில அதிகாரிகளுக்கு மற்ற மாகாணத்து ஆங்கிலேயர் வைத்த பட்டப்பெயர் 'மல்'. அது 'மல்லிகடானி'யின் சுருக்கம். மல்லிகடானி என்பது நம் மிளகுத்தண்ணீர். மாகாணத்துக்கே 'இருளில் கிடக்கும் மாகாணம்' என்ற பொருளில் ஒரு பெயரும் இருந்தது. ரசம் குடிக்கிறவர்கள், பின்தங்கியவர்கள் என்ற ஜோடிச் சித்திரம் கருப்புத் தோலின்மேல் வந்து உட்காரும் முன்பே தயாராகிவிட்டது.

எல்லா இடத்திலும் அந்தப் பெயர் இழிசொல்லாக இருந்துவிடவில்லை. கயானாவுக்கும் டிரினிடாடுக்கும் ஒப்பந்தக் கூலிகளை ஏற்றிய துறைமுகங்கள் கல்கத்தாவும் மதராசும். இங்கிருந்து போனவர்கள் அங்கே 'மதராசி' ஆனார்கள். கயானாவில் மாரியம்மன் வழிபாட்டு மரபே இன்றும் அந்தப் பெயரில் வழங்குகிறது. 1758இல் தன் தொடக்கத்தைக் காணும் மதராஸ் ரெஜிமென்ட்டின் போர்முழக்கம் 'வீர மதராசி, அடி கொல்லு'. தென்மாநிலங்கள் எல்லாவற்றிலிருந்தும் வந்தவர்கள் சேர்ந்து எழுப்பும் குரல் அது. தன்னைத் தானே அழைத்துக்கொள்ளும்போது அதே சொல்லுக்கு நெஞ்சு நிமிர்ந்திருக்கிறது.

சரி, 1953இல் ஆந்திரம் பிரிந்தது. 1956 நவம்பர் 1இல் மொழிவழி மாநிலங்கள் வந்தன. எஞ்சிய மதராஸ் மாநிலம் 1969 ஜனவரியில் தமிழ்நாடு ஆயிற்று. 1996இல் நகரமும் சென்னை ஆகிவிட்டது. ஊரும் மாநிலமும் மாகாணமும் போனபின் அந்தச் சொல் 'ஜென்டூ' போன வழியில் அகராதிக்குள் போய்ப் படுத்திருக்க வேண்டும். படுக்கவில்லை. நிர்வாகம் கைவிட்ட சொல்லைப் பத்திரிகையும் திரையும் தத்தெடுத்துக்கொண்டன.

பத்திரிகையிலிருந்து தொடங்குவோம். கேலிச்சித்திரக்காரராக இருந்த பால் தாக்கரே 1960இல் பம்பாயில் 'மார்மிக்' என்ற மராத்தி வார இதழைத் தொடங்கினார். அதற்குமுன் அவர் வேலைபார்த்த ஃப்ரீ பிரஸ் ஜர்னலில் உடன் சித்திரம் வரைந்தவர் மைசூர்க்காரரான ஆர்.கே. லக்ஷ்மண்; அந்த நாளிதழை நிறுவிய சதானந்த் ஒரு தமிழர். 'மார்மிக்' செய்தது மிக எளிய காரியம். பம்பாய் நிறுவனங்களில் உத்தியோகத்தில் இருந்தவர்களின் பெயர்களை வரிசையாக அச்சிட்டது. நாயர், ஐயர், ராவ், மேனன் என்று நீளும் பட்டியல். மேலே 'படியுங்கள், சும்மா இருங்கள்' என்று குத்தலாக ஒரு தலைப்பு. பிறகு அது 'படியுங்கள், எழுந்திருங்கள்' என்று மாறியது. பட்டியலில் பொய் இருக்கவேண்டிய தேவையே இல்லை. எந்தப் பெயர்களை அடுக்குவது, எவற்றை விடுவது என்பதிலேயே வேலை முடிந்துவிடும். 1966இல் சிவசேனை பிறந்தது. 'லுங்கியைத் தூக்கு' என்பது தெருமுழக்கம் ஆனது. உடுப்பி ஓட்டல்கள் கல்லடி பட்டன.

லுங்கி என்ற சொல்லையும் ஒரு கணம் பார்த்துவிடலாம். அது பாரசீக வழியில் இந்துஸ்தானிக்கு வந்த சொல். நம்மூரில் அதற்குக் கைலி, சாரம் என்று பெயர், வீட்டில் கட்டுவது. பம்பாய் அலுவலகங்களில் தட்டச்சு செய்த தென்னாட்டுக்காரர் கால்சட்டைதான் அணிந்திருந்தார். லுங்கியோ வங்காளத்திலும் பீகாரிலும் கட்டப்படுகிற உடை. ஆனால் சித்திரத்துக்கு ஒரு துணி வேண்டும், கிடைத்ததைக் கட்டிவிட்டார்கள். 2013இல் 'சென்னை எக்ஸ்பிரஸ்' ரஜினிகாந்துக்கு மரியாதை செய்கிறோம் என்று ஒரு பாட்டைச் சேர்த்தபோதும் அதற்கு லுங்கி என்றே பெயர் வைத்தார்கள்.

திரையில் மதராசிக்கு முகத்தைக் கொடுத்தது 1968இல் வந்த 'படோசன்'. மாஸ்டர் பிள்ளை என்ற சங்கீத வாத்தியாராக மெஹ்மூத். குடுமி, வேட்டி, நெற்றிக் குறி, வாய் திறந்தால் 'அய்யோ'. பெயர் பிள்ளை, தோற்றம் குடுமி வைத்த ஐயர் என்ற குழப்பம் எடுத்தவர்களையும் உறுத்தவில்லை, பார்த்தவர்களையும் உறுத்தவில்லை. அடுத்தவீட்டுப் பெண்ணுக்காக நடக்கும் பாட்டுப் போட்டியில், பாடத் தெரியாத கதாநாயகனுக்கு நண்பன் மறைவிலிருந்து பின்னணி பாட, முறையாகக் கற்ற வாத்தியார் தோற்கிறார். பிள்ளைக்குக் குரல் கொடுத்த மன்னா டே சாஸ்திரிய சங்கீதம் முறையாகப் பயின்றவர். எதிரே, அந்த நண்பனாகக் கிஷோர் குமார்.

கதை வங்காளத்தில் எழுதப்பட்டது. தமிழிலும் 'அடுத்த வீட்டுப் பெண்' என்று 1960லேயே வந்துவிட்டது. எல்லோரும் தமிழ் பேசுகிற படத்தில் ஒருவர் தமிழராக இருப்பது நகைச்சுவை ஆக முடியாது. வேறு வழியில்தான் சிரிக்க வைக்க வேண்டும். இந்தியில் அந்தச் சிரமம் தேவைப்படவில்லை. இந்த வகை வார்ப்புகளின் பிழைப்பே இந்தச் சிக்கனத்தில்தான் நடக்கிறது. ஒரு பாத்திரத்தை நிலைநாட்ட நான்கு காட்சிகள் ஆகும். 'அய்யோ' என்று சொல்லவைத்தால் நான்கு நொடி.

மெஹ்மூத் சாதாரண நடிகராக இருந்திருந்தால் மாஸ்டர் பிள்ளை அந்த ஆண்டோடு போயிருப்பார். அவர் பெரிய கலைஞர். நடையும் கண்ணும் தலையாட்டலும் அவ்வளவு கச்சிதம். 'படோசன்' இன்றைக்கும் சிரிக்க வைக்கிறது; ஆபத்தும் அங்கேதான். திட்டுகிற பத்திரிகையை மூடிவைத்துவிடலாம். சிரிக்கவைக்கும் படத்தைக் குடும்பத்தோடு திரும்பத் திரும்பப் பார்க்கிறோம். தெற்கே ஒருமுறைகூட வராத கோடிக்கணக்கான பேருக்கு, முதன்முதலில் ஒரு தமிழரைப் பார்க்கும்போதே அவரை முன்பே தெரிந்ததுபோல ஆகிவிட்டது.

அதன்பிறகு அச்சில் வார்க்கும் வேலைதான். 1990இல் 'அக்னீபத்'தில் மிதுன் சக்கரவர்த்தி 'கிருஷ்ணன் ஐயர் எம்.ஏ.' என்ற இளநீர் வியாபாரி. அதற்கு ஃபிலிம்ஃபேர் விருதும் வாங்கினார். 2008இல் தொடங்கிய 'தாரக் மேத்தா' தொலைக்காட்சித் தொடரில் ஐயர் ஒரு விஞ்ஞானி, கருப்பு நிறம். அந்த நிறமே அடிக்கடி நகைச்சுவைக்குப் பொருள். 2011இல் 'ரா.ஒன்' படத்தில் ஷாருக்கானின் சேகர் சுப்பிரமணியம் நூடுல்ஸில் தயிர் ஊற்றிக் கையால் பிசைந்து சாப்பிட்டார். மிளகுத்தண்ணீர்க் கேலி ஒரு நூற்றாண்டு தாண்டித் தயிருக்கு வந்து சேர்ந்திருக்கிறது, அவ்வளவுதான். நடுவே 1981இல் பாலசந்தரின் 'ஏக் தூஜே கே லியே'யில் கமல்ஹாசன் தமிழ் பேசும் காதலனாக வந்து வடக்கையே அழவைத்தார். படம் பெருவெற்றி. வார்ப்பில் ஒரு கீறல்கூட விழவில்லை. ஒரு படம் ஒரு விதிவிலக்கு. வார்ப்போ வாரந்தோறும் வருகிறது.

இவ்வளவையும் சொல்லிவிட்டு நம் வீட்டுத் திரையைப் பார்க்காமல் இருப்பது நியாயம் இல்லை. நம் படங்களின் 'சேட்டு' யார்? அடகுக்கடை, தொப்பை, 'நம்பள்கி நிம்பள்கி'. எந்த இந்திக்காரரும் எந்த ஊரிலும் 'நம்பள்கி' என்று பேசியதில்லை. மாஸ்டர் பிள்ளையின் தமிழைப்போல அதுவும் எழுத்தாளர் மேசையில் பிறந்த மொழி. சேட் என்ற சொல் 'சிரேஷ்டி'யிலிருந்து வந்தது. நம் 'செட்டி'யும் அதே வேர்தான் என்று சொல்லும் சொல்லாராய்ச்சியாளர் பலர். நம் சொல்லுக்கு உறவான சொல்லையே கேலிக்கு எடுத்துக்கொண்டிருக்கிறோம்.

சேட்டுக்குப் பிறகு 'இந்திக்காரன்' வந்தான். திருப்பூர்ப் பனியன் கம்பெனியிலும் சென்னைக் கட்டுமானத்திலும் இருக்கிற ஒடியர், வங்காளி, அசாமியர், ஜார்க்கண்ட் ஆதிவாசி எல்லோருக்கும் இந்த ஒரே பெயர். இவர்களில் பலருக்கு இந்தி தாய்மொழியே அல்ல. நான்கு மொழிக்காரரை ஒரே 'மதராசி' ஆக்கிய கணக்கைத்தான் நாம் திருப்பிப் போட்டிருக்கிறோம். எதிர்த்திசையிலும் ஊடகம் சும்மா இல்லை: 2023 மார்ச்சில், தமிழ்நாட்டில் வடமாநிலத் தொழிலாளர்கள் தாக்கப்படுகிறார்கள் என்று பொய்க் காணொளிகள் வடக்கே பரவின. தமிழ்நாடு காவல்துறை மறுத்தது, பீகார் அரசு அதிகாரிகள் குழுவை அனுப்பியது. அதற்குள் தொழிலாளர் பலர் ரயிலேறிவிட்டார்கள்.

பெயர்கள் இன்னும் நகர்ந்துகொண்டிருக்கின்றன. வடமாநிலத் தொழிலாளியைப் பற்றி பாஸ்கர் சக்தி எடுத்த படத்துக்கு 'வடக்கன்' என்று பெயர் வைத்தார். தணிக்கையில் அந்தத் தலைப்பு ஏற்கப்படவில்லை. படம் 2024இல் 'ரயில்' என்ற பெயரில் வெளிவந்தது. அடுத்த ஆண்டு ஏ.ஆர். முருகதாஸ் இயக்கி சிவகார்த்திகேயன் நடித்த படம் திரைக்கு வந்தது. அதன் தலைப்பு 'மதராஸி'.