மானிப்பாய் வைத்தியரின் மெதுவான வருடங்கள்



என் அம்மம்மா மானிப்பாய். அங்குள்ள ஆஸ்பத்திரியைக் "கிறீன் ஆஸ்பத்திரி" என்றே சொல்லுவா. சுவருக்குப் பச்சை வர்ணம் பூசியிருப்பார்கள் என்று சிறுவயதில் நினைத்திருந்தேன். அது ஒரு மனிதரின் பெயர் என்று பிறகுதான் தெரிந்தது.

சாமுவேல் பிஸ்க் கிறீன், அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் மாநிலத்து வூஸ்டரில் 1822ல் பிறந்தவர். 1847ல் அமெரிக்க மிஷன் வைத்தியராக யாழ்ப்பாணம் வந்து, அடுத்த வருடம் மானிப்பாயில் நம் பிள்ளைகளுக்கு மேலைத்தேய வைத்தியம் கற்பிக்கத் தொடங்கினார். முதலில் ஆங்கிலத்தில்தான் பாடம். பிறகு தமிழுக்கு மாற்றினார். கிராமத்து நோயாளியிடம் அவருடைய பாஷையில் பேசும் வைத்தியர் வேண்டும் என்பது அவருடைய எண்ணம். ஆனால் தமிழில் புத்தகம் ஏது? தமிழ் மாணவர்களோடு சேர்ந்து அவரே உண்டாக்கினார். பிரசவ வைத்தியம், இரண வைத்தியம், மனுஷ அங்காதிபாதம் என்று ஒவ்வொன்றாக வந்தன. அவரிடம் படித்து வைத்தியரானவர்கள் அறுபதுக்கு மேல்.

1873ல் உடல்நலம் குன்றி வூஸ்டருக்குத் திரும்பினார். நான் சொல்ல வந்தது இதற்குப் பிறகுதான்.

அங்கே அவருக்கு வாட்டும் இல்லை, வகுப்பும் இல்லை. வரிசையில் நின்ற நோயாளிகள் கடலுக்கு அப்பால். தமிழ் பேசவும் அக்கம்பக்கத்தில் ஆள் கிடையாது. நம் ஊரைப்போல அங்கும் பனிக்காலம் நீளமானது. அந்த வீட்டில் இருந்துகொண்டு அவர் தமிழ்ப் புத்தக வேலையையே தொடர்ந்தார். கெமிஸ்தம் 1875ல் வெளிவந்தது. மனுஷ சுகரணம் 1883ல். இரண்டுக்கும் நடுவே எட்டு வருடம்! கடிதம் கப்பலில் போய்வந்த காலம், பிள்ளைகளே. ஒரு கேள்விக்குப் பதில் வர எவ்வளவு நாள் காத்திருந்திருப்பார் என்று எண்ணிப் பாருங்கள்.

எனக்கு இது ஏன் நெஞ்சில் தைத்தது என்றால், இந்தியாவில் தாதிப் படிப்பு முடித்து அஜின்கோர்ட்டுக்கு வந்த புதிதில், பதிவுக்காகக் காத்திருந்தேன். ஒரு முதியோர் இல்லத்தில் உதவியாள் வேலை, அதுவும் கூப்பிட்டால்தான். போன் அடிக்காத கிழமைகள் பல. படித்ததெல்லாம் கையைவிட்டுப் போகிறதே என்ற பயத்தில், இனி பாக்டரி வேலையே நிரந்தரம் என்று விண்ணப்பமும் நிரப்பிவிட்டேன். நான் அப்போது வேலைக்காக மட்டுமே ஜெபித்தேன், பொறுமைக்காக ஒருநாளும் கேட்கவில்லை.

அந்தக் காலத்தில்தான் ஒரு பழைய மலரில் கிறீனைப் பற்றி வாசித்தேன். விண்ணப்பத்தை அனுப்பவில்லை. பாடப் புத்தகத்தை மறுபடி எடுத்தேன். உடனே கதவு திறந்தது என்று சாட்சி சொல்ல எனக்கு வழியில்லை. இன்னும் ஒன்றரை வருடம் சென்றது. ஆனால் முதியோர் இல்லத்தில் ஒரு தாத்தாவைக் குளிக்கவார்ப்பதும் தாதி வேலைதான் என்று அதற்குள் விளங்கிவிட்டது. சிறையிலிருந்த யோசேப்பைப் பானபாத்திரக்காரன் மறந்துபோன இரண்டு வருடத்தைப் பிரசங்கங்களில் சட்டென்று தாண்டிவிடுகிறோம். எனக்கு அந்த இரண்டு வருடம்தான் பெரிதாகத் தெரிகிறது.

கிறீன் 1884 மே மாதம் காலமானார். தமிழருக்கு மருத்துவ நற்செய்தியாளராக இருந்தவர் என்று கல்லறையில் எழுதும்படி அவரே கேட்டிருந்தார். வூஸ்டரில் அந்தக் கல் நிற்கிறது.

விடுமுறைக்கு ஊருக்குப் போகிறவர்கள் மானிப்பாய்ப் பக்கம் போனால், பிள்ளைகளுக்கு அந்த ஆஸ்பத்திரியைக் காட்டுங்கள். சுவர் என்ன நிறம் என்று எனக்கும் வந்து சொல்லுங்கள்.