மூடப்பட்ட இரயில் பாதைகளும் முன்னோர் உழைப்பும்

மலாயாவில் ஆலயங்கள் எழுந்த வரலாற்றை ஆராய்வோர் இரயில் பாதைகளின் வரலாற்றை ஒதுக்கிவிட இயலாது. தோட்டங்களில் மாரியம்மன் கோயில்கள் எழுந்ததைப் போலவே, தண்டவாளத்தின் ஓரத்திலும் இரயில்வே குடியிருப்புகளிலும் முனீசுவரரும் காளியம்மனும் கோயில் கொண்டனர். அப்பாதைகளுள் பல இன்று இல்லை. அவை நிலைத்திருக்கத் தகுதி பெற்றிருந்தனவா, மறைந்தது முறைதானா என்னும் வினா, ஆலயங்களைப் பேணும் அன்பர்களும் சிந்திக்க வேண்டிய ஒன்றாகும்.

இந்நாட்டின் முதல் இரயில் பாதை 1885ஆம் ஆண்டு ஜூன் திங்கள் முதல் நாளன்று தைப்பிங்கிற்கும் போர்ட் வெல்டுக்கும் இடையே திறக்கப்பட்டது. அதன் நீளம் ஏறத்தாழ 13 கிலோமீட்டர். லாருட் சுரங்கங்களின் ஈயத்தைத் துறைமுகம் சேர்ப்பதே அதன் நோக்கம். இலங்கையிலிருந்து தருவிக்கப்பட்ட தொழிலாளர் படைப்பிரிவினர் அதனை அமைத்தனர். தொடர்ந்து 1886இல் கோலாலம்பூர்–கிள்ளான் பாதையும், 1891இல் சிரம்பான்–போர்ட்டிக்சன் பாதையும், 1893இல் தாப்பா ரோடு–தெலுக் ஆன்சன் பாதையும் தோன்றின. காடு திருத்தியும் கட்டை சுமந்தும் தமிழகத்துத் தொழிலாளர் பாடுபட்டனர். யாழ்ப்பாணத்திலிருந்து வந்தோர் நிலைய அதிபர்களாகவும் எழுத்தர்களாகவும் பணிபுரிந்தனர்.

இப்பாதைகள் ஒவ்வொன்றும் ஒரு சுரங்க வட்டாரத்தையோ உள்நாட்டு நகரையோ ஒரு துறைமுகத்தோடு இணைப்பதற்காகவே பிறந்தவை. வடக்கு–தெற்கு நெடும்பாதை பிறை வரை எட்டி, 1901இல் போர்ட் சுவெட்டன்ஹாம் துறைமுகமும் திறக்கப்பட்டபின், சிறு துறைமுகங்களின் தேவை குறைந்தது. ஈயம் அருகியது, இரப்பரையும் பிற சரக்கையும் லாரிகள் ஏற்றிச் சென்றன, பயணிகள் பேருந்தை நாடினர். பழுது பார்க்கும் செலவுக்கேனும் வருவாய் தராத பாதையைப் பொதுப் பணத்தில் என்றென்றும் நடத்துதல் எளிதன்று. ஆகவே, எல்லாக் கிளைப் பாதைகளும் காக்கப்பட்டிருக்க வேண்டும் என்று வாதிடுவது நடுநிலை ஆகாது.

ஆயினும், வருவாய்க் கணக்கினால் மட்டுமே பாதைகள் மறையவில்லை. தம்பினிலிருந்து மலாக்கா நகருக்குச் சென்ற பாதை, ஜப்பானியர் ஆட்சிக் காலத்தில் பெயர்த்தெடுக்கப்பட்டது. அதன் தண்டவாளங்கள் சயாம்–பர்மா இரயில் பாதைக்குக் கொண்டு செல்லப்பட்டன. 1943ஆம் ஆண்டு அக்டோபரில் முடிவுற்ற அந்த 415 கிலோமீட்டர் பாதையில், மலாயாத் தோட்டங்களிலிருந்து கொண்டு செல்லப்பட்ட தமிழர்கள் பல்லாயிரவர் மாண்டனர். இங்கே தமிழர் இட்ட தண்டவாளம் அங்கே தமிழரின் உயிரைக் குடித்த பாதைக்குப் பயன்பட்டது கொடுமையினும் கொடுமை. அதே போரில் பெயர்க்கப்பட்ட கிழக்குக் கரைப் பாதை பின்னர் மீண்டும் அமைக்கப்பட்டது. மலாக்காப் பாதையோ மீளவில்லை. அந்நகருக்கு இன்றும் இரயில் இல்லை.

இதற்கு மாறான சான்று பத்துமலையில் உள்ளது. தம்புசாமிப் பிள்ளை அவர்களின் முயற்சியால் வழிபாடு தழைத்த அத்திருத்தலத்திற்கு, தைப்பூசக் காலங்களில் அடியார்கள் இரயிலேறிச் சென்றதுண்டு. பின்னாளில் பயணிகள் இரயில் நின்றது. எனினும், பாதைக்குரிய நிலம் கைவிடப்படவில்லை. 2010இல் செந்தூலிலிருந்து பத்துமலை வரை மின்சார இரட்டைப் பாதை திறக்கப்பட்டது. காவடியும் பால்குடமும் ஏந்துவோர் மீண்டும் மலையடிவாரத்திலேயே இறங்குகின்றனர். பழைய அம்பாங் கிளைப் பாதையின் தடத்திலும் 1996 முதல் இலகு இரயில் ஓடுகிறது. ஒரு தலைமுறை இலாபமில்லை என்று கைவிட்ட தடம், மக்கள் பெருகிய மறு தலைமுறைக்கு இன்றியமையாததாயிற்று.

சிங்கப்பூரில் தஞ்சோங் பகார் நிலையத்திற்கான இரயில் சேவை 2011ஆம் ஆண்டு ஜூன் 30ஆம் நாளோடு நிறைவுற்றது. தண்டவாளம் அகற்றப்பட்டபோதிலும், 24 கிலோமீட்டர் நீளமுள்ள அத்தடம் துண்டாடப்படாமல் பசுமை வழியாகப் பேணப்படுகிறது. வண்டி ஓடாவிடினும் வழி வாழ்கிறது.

இவற்றையெல்லாம் சீர்தூக்கிப் பார்க்குங்கால் புலப்படும் உண்மை ஒன்றே. வண்டி ஓட்டத்தை நிறுத்தியது பல இடங்களில் தவிர்க்க இயலாதது. தடத்தையும் நிலத்தையும் சிதறவிட்டதே ஈடு செய்ய முடியாத இழப்பு. நிறுத்திய வண்டியை மீண்டும் ஓட்டலாம். வீடுகளும் கடைகளும் எழுந்துவிட்ட தடத்தை மீட்பது அரிது.

இவ்வுண்மை ஆலயங்களுக்கும் பொருந்தும். பாதை மூடப்பட்டதும் இரயில்வே குடியிருப்புகள் காலியாயின. விளக்கேற்றிய குடும்பங்கள் இடம் பெயர்ந்தன. இரயில்வே நிலத்தில் பட்டா இன்றி எழுந்த சிறு கோயில்கள், நிலம் வேறு பணிக்கு வேண்டப்பட்டபோது இடம் மாற நேர்ந்தது. கோயிலை எழுப்பியோர் யாவர், எந்த ஆண்டில், யாருடைய இசைவோடு என்பதற்கு எழுத்துச் சான்று இல்லாதபோது, வாய்மொழி வரலாறு மட்டும் வழக்கில் நிற்பதில்லை. நிலப் பத்திரங்களையும் பழைய இரசீதுகளையும் புகைப்படங்களையும் தொகுத்து வைப்பது நிர்வாகத்தினரின் கடமை. முதியோரின் நினைவுகளை எழுதி வைப்பது இளைஞரின் கடமை.

போர்ட் வெல்ட் இன்று கோலா செப்பத்தாங் என வழங்குகிறது. அங்கே எஞ்சியிருக்கும் நிலையப் பெயர்ப் பலகையில் ஊரின் பழைய பெயர் தமிழிலும் காணப்படுகிறது. தண்டவாளம் போயினும் எழுத்து நின்று சான்று பகர்கிறது. முன்னோர் உழைப்பின் சுவடுகளைக் காக்கும் நல்லறிவை எல்லாம் வல்ல இறைவன் நம் அனைவருக்கும் அருள்வானாக.