முதல் லப்டொப் ஆருக்காகக் கனவு காணப்பட்டது?

சின்னம்மாவின் மகன் போன மாதம் வீட்டுக்கு வந்தான். ஏ.எல். எழுதிவிட்டு ரிசல்ட்டுக்குக் காத்திருக்கிறவன். "அண்ணை, கேம் செய்யிறதுக்கும் டிசைன் வேலைக்கும் ஒரு லப்டொப் வேணும். கொண்டு திரியக்கூடியதா இருக்கோணும். எது வாங்கிறது?" எண்டு கேட்டான். சின்னம்மா சீட்டு எடுத்த காசு. பிழைச்சால் இன்னொருக்கா வாங்க ஏலாது. ஒரு மொடலின் பேரைச் சொல்லி அனுப்பிவிட மனம் வரேல்லை. இந்தக் கதையைத்தான் சொன்னேன்.

1972இல் அமெரிக்காவின் செரொக்ஸ் ஆய்வுகூடத்தில் வேலை செய்த அலன் கே என்பவர், எல்லா வயதுக் குழந்தைகளுக்குமான கணினி ஒன்றைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். அந்தக் கணினிக்கு அவர் வைத்த பெயர் டைனாபுக். கொப்பி அளவு, 4 இறாத்தலுக்குக் குறைந்த எடை, அதாவது 1.8 கிலோவுக்குள். விலை 500 டொலருக்குக் கிட்ட இருக்கவேண்டும் எண்டது அவருடைய இலக்கு. கட்டுரையின் தொடக்கத்தில் ஒன்பது வயதுப் பிள்ளைகள் இரண்டு பேர் பூங்காப் புல்லில் படுத்திருந்து 'ஸ்பேஸ்வோர்' விளையாடுகிறார்கள். கொஞ்ச நேரத்தில் விளையாட்டு அலுத்துப்போகிறது. சூரியனின் ஈர்ப்பைச் சேர்த்தால் நல்லா இருக்குமே எண்டு யோசித்து, அந்த விளையாட்டைத் தாங்களே மாற்றத் தொடங்குகிறார்கள்.

இதை நான் முதலில் வாசித்தபோது கொஞ்ச நேரம் யோசித்துக்கொண்டிருந்தேன். லப்டொப் எண்ட ஒன்று உலகத்தில் இல்லாத காலத்திலேயே, கேம் செய்யிற பிள்ளைக்காகத்தான் அது கனவு காணப்பட்டிருக்கிறது!

ஆனால் செய்து விற்கப்பட்டது வேறு ஆக்களுக்கு. 1981இல் வந்த ஒஸ்போர்ன் 1 கிட்டத்தட்ட 11 கிலோ. தையல் மெஷின் பெட்டி மாதிரி ஒரு உருவம், 5 அங்குலத் திரை, விலை 1,795 டொலர். கூடவே கொடுத்தது எழுத்து வேலைக்கும் கணக்கு வேலைக்குமான மென்பொருட்கள். பற்றரியும் இல்லை, போற இடத்தில் கரண்ட் இருக்கவேண்டும். அடுத்த வருடம் வந்தது கிரிட் கொம்பஸ். இண்டைக்கு நாங்கள் திறந்து மூடுகிற அந்த மடிப்பு வடிவத்தை அதற்குக் கொடுத்தவர் பில் மொக்ரிட்ஜ் என்ற பிரித்தானிய வடிவமைப்பாளர். 8,150 டொலர். நாசா அதை விண்வெளிக்குக் கொண்டுபோனது. புல்லில் படுத்திருக்கிற பிள்ளையின் கைக்கு அது எட்டாது.

டிசைன் செய்கிறவர்களுக்கு நிறம் வேண்டும். 1992இல் ஐபிஎம் திங்பாட் 700சி, 10.4 அங்குல வர்ணத் திரையோடு வந்தது. முப்பரிமாணக் காட்சிகளுக்கு வலுவான கிராபிக்ஸ் சிப் வேண்டும். என்விடியா லப்டொப்புக்கெண்டு தன் முதல் ஜீபோர்ஸைக் கொண்டுவந்தது 2000 நவம்பரில். அதுக்குப் பிறகுதான் 'கேமிங் லப்டொப்' எண்ட சாமான் பெருகியது. இங்கேயும் ஒரு சிக்கல் இருந்தது. அது விளையாடுகிறவனுக்காகச் செய்யப்பட்டது, விளையாட்டைச் செய்கிறவனுக்காக அல்ல.

வலுவான சிப் சூடாகும். சூட்டை வெளியேற்ற செம்புக் குழாயும் விசிறியும் வேண்டும். அவை கூடினால் எடையும் கூடும். 2017இல் என்விடியா 'மேக்ஸ்-கியூ' எண்ட ஏற்பாட்டைக் கொண்டுவந்தது. அதே சிப், ஆனால் குறைந்த மின்சாரத்தில் ஓடும். அதனால் லப்டொப் மெலிந்தது. 2021க்குப் பிறகு அந்தப் பெயரும் சிப்பின் பெயரோடு ஒட்டி வருவதில்லை. விளைவு என்ன? ஆர்டிஎக்ஸ் 4060 எண்டு ஒரே பெயரில் விற்கிற லப்டொப் சிப், ஒன்றில் 35 வாட்டில் ஓடலாம், இன்னொன்றில் 115 வாட்டில் ஓடலாம். பெட்டியில் உள்ள ஸ்டிக்கர் ஒன்றுதான். வேலை ஒன்றல்ல.

பற்றரிக்கும் எல்லை உண்டு. விமானத்தில் விசேட அனுமதி இல்லாமல் கொண்டுபோகக்கூடியது 100 வாட்-மணி வரைக்கும்தான். பெரிய லப்டொப்புகள் 99இல் நிற்பது அதனால்தான். சிப்பும் புரொசசரும் சேர்ந்து 100 வாட்டுக்கு மேலே இழுத்தால் ஒரு மணித்தியாலம்கூட நிற்காது. 2022 மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரைக்கும் கரண்ட் வெட்டின நாட்டில் இருக்கிற எங்களுக்கு, இது சின்ன விசயம் இல்லை.

விளையாடுகிறவன் மணிக்கணக்காக முழு வலுவில் ஓட்டுவான். செய்கிறவனின் நாள் வேறு மாதிரி. கூடுதலான நேரம் கோட் எழுதுவான், படம் வரைவான், இடைக்கிடை ஓட்டிப் பார்ப்பான். அதனால் அவன் கடையில் கேட்கவேண்டியதும் வேறு.

முதலாவது, சிப்பின் பெயரோடு அது எத்தனை வாட் எண்டு கேளுங்கோ. இரண்டாவது, ராம். யுனிட்டி, ப்ளெண்டர் எண்டால் 16 ஜிபி சமாளிக்கும்; அன்ரியல் எண்டால் 32 நல்லது. இப்ப 16 மட்டும் வாங்க ஏலுமெண்டால், பிறகு கூட்ட இடம் இருக்கா, இல்லாட்டி போர்டோடு ஒட்டியிருக்கா எண்டு பாருங்கோ. மூன்றாவது, திரை. விலை குறைந்த கேமிங் லப்டொப்புகள் பலதில் '45% என்டிஎஸ்சி' எண்டு போட்டிருக்கும். அதில் நிறம் வெளிறித் தெரியும். நீங்கள் கண்ணுக்கு நல்லா இருக்கெண்டு தெரிஞ்ச சிவப்பு, மற்றவனின் திரையில் கத்தும். டிசைனுக்கு எஸ்ஆர்ஜிபி 100% க்குக் கிட்டவாக இருக்கவேண்டும். நாலாவது, எடையைப் பார்க்கும்போது சார்ஜரையும் சேர்த்துத் தூக்கிப் பாருங்கோ. சில சார்ஜர் தனியாவே முக்கால் கிலோ வரும்.

தம்பி இந்த நாலையும் கொப்பியில் எழுதிக்கொண்டு மூன்று கடை ஏறி இறங்கினான். வாட் கேள்விக்கு ஒரு இடத்தில் மட்டும்தான் பதில் வந்ததாம். இன்னும் வாங்கேல்லை. அதுவரைக்கும் வீட்டில் கிடக்கிற பழைய டெஸ்க்டொப்பில் கோடோவை இறக்கி வைத்திருக்கிறான். இலவசம், பழைய மெஷினிலும் சின்ன வேலைகளுக்கு ஓடும். போன ஞாயிறு போன் எடுத்தேன். "அண்ணை, பந்து சுவரில பட்டுத் திரும்பி வருகுது" எண்டான். லப்டொப்பைப் பற்றி ஒண்டும் கேட்கேல்லை.