மல்லபுரமும் மல்லேஸ்வரமும்: ஒரு குன்றூரின் பெயர் வரலாறு

பெங்களூரின் வடமேற்குப் பகுதியாகிய மல்லேஸ்வரம் இன்று கடைத்தெருக்களும் கல்விக்கூடங்களும் மிகுந்த நகர்ப்புறமாகும். அதன் நடுவே, கற்படிகள் ஏறிச் சென்று காணத்தக்க ஒரு சிறு குன்றின்மேல், காடு மல்லேஸ்வரர் கோயில் அமைந்துள்ளது. நகரம் இவ்விடத்தை வந்தடைவதற்கு இரு நூற்றாண்டுகளுக்கு முன்னரே இக்குன்றைச் சார்ந்து ஒரு சிற்றூர் இருந்தது. அதன் பெயர் மல்லபுரம். அவ்வூரின் வீடுகளும் விளைநிலங்களும் பெரும்பாலும் நகரத்துள் கரைந்துவிட்ட நிலையில், அதன் வரலாற்றை அறிய எஞ்சியுள்ள சான்றுகளுள் ஊர்ப்பெயர்களே முதன்மையானவை. அப்பெயர்களைத் தமிழில் எழுதுவோர் அவற்றின் அடுக்குகளை அறியாது எழுதும்போது, எஞ்சிய அச்சான்றும் அழிகின்றது.

இவ்வூர் குறித்துக் கிடைக்கும் பழைய சான்று கோயிலைச் சார்ந்த கி.பி. 1669ஆம் ஆண்டுக் கல்வெட்டாகும். மல்லபுரத்து மல்லிகார்ஜுனர் கோயிலுக்கு மேதரநிங்கனஹள்ளி என்னும் ஊர் கொடையாக அளிக்கப்பட்ட செய்தியை அது கூறுகின்றது. கொடையாளர் சிவாஜியின் மாற்றாந்தாய்ச் சகோதரராகிய ஏகோஜி. 1638இல் பெங்களூர் பீஜப்பூர்ப் படைகளின் வசமானபின், இப்பகுதி அவருடைய தந்தை ஷாஜிக்கு ஜாகீராக வந்தது. ஷாஜி 1664இல் மறைந்தபின் ஏகோஜி இங்கு அதிகாரம் செலுத்தினார். அவரே 1670களின் நடுவில் தஞ்சையைக் கைப்பற்றி, அங்கு மராட்டிய மரபினைத் தொடங்கியவர். அவருடைய மகன் ஷாஜியின் பெயரால் வழங்கும் ‘பஞ்சபாஷா விலாசம்’ என்னும் பன்மொழி நாடகத்தைத் தமிழுலகம் அறியும். ஆயின், தஞ்சை மராட்டியர் வரலாறு எழுதுவோர் பெங்களூர்க் குன்றின் இக்கொடையை மிகுதியாகக் கருத்தில் கொள்வதில்லை. பெயர் வேறுபாடும் இதற்கு ஒரு காரணமாகலாம். தமிழ் நூல்கள் ஏகோஜி என்று எழுத, மராட்டிய வழக்கில் அவர் வியங்கோஜி. கன்னட, ஆங்கில நூல்களில் வெங்கோஜி என்றும் வருவார். மூன்று நூல்களை ஒருசேரப் பெயர்ப்பவர் மூவரைக் காண நேரிடும்; ஆனால் ஆள் ஒருவரே.

கொடையளிக்கப்பட்ட ஊரின் பெயர் மொழியியலார்க்கு ஒரு சிறு கருவூலம். அதனை மேதர + நிங்கன + ஹள்ளி எனப் பிரிக்கலாம். மேதர் என்போர் மூங்கில் பிளந்து கூடையும் முறமும் முடைவோர். நிங்கன் என்பது லிங்கன் என்பதன் பேச்சு வடிவம். கன்னட நாட்டுப்புறத்தில் லிங்கப்பா நிங்கப்பா ஆவதை இன்றும் கேட்கலாம். ஹள்ளி என்பது தமிழின் பள்ளி என்பதற்கு நேரானது. பழைய பகரம் ஹகரமானது கன்னடத்தின் இடைக்கால மாற்றம். தமிழின் பாலும் பல்லும் அங்கே ஹாலு, ஹல்லு என்று வழங்குதலும் இதன்பாற்படும். ஆயின், அதே கல்வெட்டிலுள்ள மல்லபுரம் என்னும் பெயரில் பகரம் மாறவில்லை. புரம் வடசொல்லாதலின் அம்மாற்றத்துக்கு உட்படவில்லை. ஆக, ஒரு வாசகத்தில் அடுத்தடுத்து நிற்கும் இரண்டு ஊர்ப்பெயர்களுள் ஒன்று நாட்டு வழக்கையும், மற்றொன்று கோயில் சார்ந்த வடமொழி மதிப்பையும் காட்டுகின்றன. ‘நிங்கன’ என்பதை ‘லிங்கன’ என்று திருத்தி எழுதும் மொழிபெயர்ப்பாளர் பிழை நீக்குவதாக எண்ணுகின்றார். உண்மையில் அவர் நீக்குவது கூடை முடைந்தோரின் குரலையே.

மல்ல என்னும் முற்பகுதியிலும் ஓர் இடர் உண்டு. கோயில் குன்றின்மேல் இருத்தலால் அதனை மலை என்னும் சொல்லோடு இணைக்கத் தோன்றுவது இயல்பே. கன்னடத்தில் மலைக்கு ‘மலெ’ என்னும் சொல்லும் உண்டு. தென்கோடியிலுள்ள மலெ மஹதேஸ்வர மலையின் பெயரில் வருவது அதுவே. ஆனால் அங்கு லகரம் ஒற்றை, இங்கு இரட்டை. மல்லேஸ்வரர் என்பது மல்லிகார்ஜுனர் என்னும் பெயரின்பாற்பட்டது. கல்வெட்டே இறைவனை அப்பெயரால் சுட்டுகின்றது. அப்பெயர் ஸ்ரீசைலத்து இறைவனுக்கு உரியது. தேவாரம் பாடிய மூவரும் திருப்பருப்பதம் என்று போற்றிய தலம் அதுவே. எனவே மலை இப்பெயரில் இல்லாமலும் இல்லை. சொல்லில் இல்லை, தொலைவிலுள்ள ஒரு மலைத்தலத்தின் நினைவாக மட்டுமே உள்ளது.

காடு என்னும் அடைமொழி இருமொழிக்கும் பொது. வேறுபாடு புணர்ச்சியில் உள்ளது. தமிழில் காடு நெடிற்றொடர்க் குற்றியலுகரம் ஆதலின், வருமொழியோடு சேருங்கால் டகரம் இரட்டித்துக் காட்டு என்றாகும். கன்னடத்தில் அவ்வாறு இரட்டிப்பதில்லை. காட்டு விலங்கு அங்கே காடுப்ராணி. தமிழர் பலரும் கன்னட வடிவத்தையே ஏற்றுக் காடு மல்லேஸ்வரர் என்கின்றனர். சிறப்புப் பெயரைப் பிறமொழி இலக்கணத்தோடு ஏற்பதில் குற்றமில்லை. ஆனால் ‘காடும் மல்லேஸ்வரரும்’ என்னும் உம்மைத்தொகையாக அதனைப் படிக்க இடமுண்டு என்பதை எழுதுவோர் உணர்தல் நலம்.

ஊரின் பெயர் மாறிய காலம் பிளேக்கின் காலம். 1890களில் திட்டமிடப்பட்ட நகர விரிவு, 1898இல் பெங்களூரைத் தாக்கிய கொள்ளைநோய்க்குப் பின் விரைந்து வளர்ந்தது. நெருக்கமான பழைய பேட்டையை விட்டு வெளியேறியோர்க்காக வடக்கில் மல்லேஸ்வரமும் தெற்கில் பசவனகுடியும் அகன்ற தெருக்களோடு உருவாயின. இரண்டுமே கோயிலால் பெயர் பெற்றவை. மல்லபுரம் என்னும் குடியிருப்பின் பெயர் விடப்பட்டு, கோயிலின் பெயர் முழுப் பகுதிக்கும் ஆயிற்று. இறைவன் மல்லேஸ்வரர், இடம் மல்லேஸ்வரம் என்று ஈற்றால் வேறுபடுத்துவது தமிழ்ச் செவிக்கு இயல்பு; இராமேஸ்வரமும் திருக்கேதீச்சரமும் பழக்கிய செவி அது. கன்னடத்தில் மல்லேஷ்வர என்னும் வடிவம் இரண்டுக்கும் பொதுவாக நிற்க, மகர ஈறு கொண்ட வடிவமும் இடத்துக்கு வழங்குகின்றது. 1669ஆம் ஆண்டு ஆவணத்தைப் பெயர்க்கும்போது மல்லேஸ்வரம் என்று எழுதுவது காலவழு. அங்கே மல்லபுரம் என்றே எழுதி, இன்றைய பெயரைக் குறிப்பில் தருதல் வேண்டும்.

கோயிலுக்கு எதிரே உள்ள நந்தி தீர்த்தம் வருவோர் தவறாது காண்பது. தெற்கு நோக்கிய நந்தியின் வாயிலிருந்து வழியும் நீர் கீழுள்ள இலிங்கத்தின்மேல் விழுந்து, படிக்கட்டுக் குளத்தைச் சேர்கின்றது. நெடுங்காலம் மண்மூடிக் கிடந்த இது, 1990களின் பிற்பகுதியில் நிலத்தைத் தோண்டியபோது வெளிப்பட்டது. இது ஏழாயிரம் ஆண்டுப் பழமை உடையது என்று சுற்றுலாக் குறிப்புகள் சில எழுதுகின்றன. கல்லில் செதுக்கிய நந்திக்கு அத்தகைய காலம் கூறுதல் வரலாற்றுக்கு ஒவ்வாது. பதினேழாம் நூற்றாண்டுக் கோயில் என்பதில் ஓர் ஊருக்கு என்ன குறை?

குன்றிலிருந்து இறங்கினால் இணையாகச் செல்லும் இரு நெடுந்தெருக்களை அடையலாம். ஒன்று சம்பிகெ சாலை. மற்றொன்று மார்கோசா சாலை. சம்பிகெ நம் செண்பகமே. இரண்டுக்கும் மூலம் வடமொழியின் சம்பகம். மார்கோசா வேம்பு. கசப்பு எனப் பொருள்படும் போர்ச்சுகீசியச் சொல் திரிந்து ஆங்கிலம் வழியாக இத்தெருவுக்கு வந்தது. வேம்பு கன்னடத்தில் பேவு, அதாவது வகரம் பகரமான வடிவம். இங்குள்ள சிற்றுண்டிச் சாலைகளில் பெயர்பெற்ற ‘பெண்ணெ’ தோசையில் நம் வெண்ணெய் அடைந்ததும் அதே மாற்றமே. ஆயின் வேப்பமரத் தெருவுக்கு வேம்பும் வாய்க்கவில்லை, பேவும் வாய்க்கவில்லை. குறுக்குத் தெருக்களுக்கு எண்களே பெயர். எட்டாம் கிராஸில் சந்தை. பதினைந்தாம் கிராஸில் சி.வி. இராமன் வாழ்ந்த ‘பஞ்சவடி’ இல்லம்.

மேலும் வடகிழக்கே சென்றால் சாங்கி ஏரி. 1882இல் கர்னல் ரிச்சர்டு சாங்கி அமைத்தது; பரப்பு ஏறத்தாழ 37 ஏக்கர். இதற்கு வேறொரு பெயரும் உண்டு: கந்தத கோட்டிகெரெ. கந்தம் சந்தனம், கெரெ ஏரி. இடையிலுள்ள சொல்தான் சிக்கலுக்குரியது. தமிழ் எழுத்தில் கோட்டி என்று எழுதினால், கன்னடத்தில் நூறு இலட்சத்தைக் குறிக்கும் சொல்லும், பண்டகசாலையைக் குறிக்கும் சொல்லும் வேறுபாடின்றி ஒன்றாகிவிடும். அவ்விரண்டையும் பிரிப்பது கன்னடத்தில் டகரத்தின் மூச்சொலி. தமிழெழுத்தில் அதற்கு இடமில்லை. ஏரியின் அருகே அரசின் சந்தனமரக் கிடங்கு இருந்தமையால் பண்டகசாலை என்பதே பொருந்தும். ஆகவே ‘கோடி சந்தன ஏரி’ என்று பெயர்த்தல் தவறு. ‘சந்தனக் கிடங்கு ஏரி’ என்பதே நேரான பெயர்ப்பு.