எம்.ஆர்.ஐ. இயந்திரத்துக்கு முன் ஆளணி

முள்ளந்தண்டில் கட்டியோ மூளையில் நோயோ இருக்கலாம் என வைத்தியர் ஐயுற்றால், அவர் எழுதிக் கொடுக்கும் துண்டில் 'எம்.ஆர்.ஐ.' என்றிருக்கும். மருதமுனையிலிருந்து பொத்துவில் வரையுள்ள கரையோர மக்களுக்கு, அத்துண்டு நெடுங்காலமாகக் கண்டிக்கோ கொழும்புக்கோ செல்லும் பயணச்சீட்டாகவே இருந்து வந்துள்ளது. அரச வைத்தியசாலைகளில் கட்டணம் இல்லையெனினும் முறை வரும்வரை காத்திருக்க வேண்டும். தனியாரிடம் சென்றால் பல்லாயிரம் ரூபா. கடற்றொழிலாளியோ நெசவுத் தொழிலாளியோ ஆயின், துணைக்குச் செல்பவரின் கூலியும் சேர்ந்தே இழப்பாகிறது.

ஆதலால் இயந்திரம் வேண்டும் எனும் குரல் நியாயமானதே. ஆனால் இயந்திரம் என்ன கேட்கும் என்பதையும் அறிந்து கொண்டு குரல் கொடுப்பது நல்லது.

எக்ஸ்றே, சீ.ரீ. ஸ்கான் ஆகியவற்றைப் போலன்றி, எம்.ஆர்.ஐ.யில் அயனாக்கும் கதிர்வீச்சு கிடையாது. உடலின் நீரிலும் கொழுப்பிலும் உள்ள ஐதரசன் அணுக்கருக்களை வலிய காந்தப்புலம் ஒழுங்குபடுத்த, வானொலி அலைகள் அவற்றைத் தட்டியெழுப்ப, அவை திருப்பி அனுப்பும் சமிக்ஞைகளைக் கணினி படமாக்குகின்றது. இதற்கு அடிகோலிய அமெரிக்கரான போல் லோட்டர்பருக்கும் பிரித்தானியரான பீற்றர் மான்ஸ்பீல்டுக்கும் 2003இல் நோபல் பரிசு கிடைத்தது. 1977இல் மனித உடலை முதன்முதலில் இம்முறையில் படம்பிடித்த றேமண்ட் டமாடியன் விடுபட்டார். அவர் பத்திரிகைகளில் முழுப்பக்க விளம்பரம் கொடுத்துத் தம் கண்டனத்தைத் தெரிவித்தமை நோபல் வரலாற்றிலேயே புதுமை.

பெரிய வைத்தியசாலைகளில் வழக்கமாக உள்ளவை 1.5 ரெஸ்லா இயந்திரங்கள். அவற்றின் காந்தச் சுருள் சுழியத்துக்குக் கீழ் 269 பாகை அளவில், திரவ ஹீலியத்தில் மூழ்கியிருக்க வேண்டும். பழைய அமைப்புகளுக்கு ஆயிரம் லீற்றருக்கு மேல் தேவை. அண்மைக்கால வடிவமைப்புகள் சில ஏழு லீற்றரளவிலேயே இயங்குகின்றன. குளிரூட்டி இராப்பகலாக ஓடவேண்டும். 2022இல் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டை அனுபவித்தவர்கள் நாம். மின்பிறப்பாக்கிக்கும் பராமரிப்பு ஒப்பந்தத்துக்கும் பணம் ஒதுக்காமல் இயந்திரத்தை மட்டும் இறக்கினால், திறப்பு விழாப் படம்தான் மிஞ்சும்.

இதனினும் பெரிய விடயம் ஆளணி. அந்தக் காந்தம் ஸ்கான் எடுக்காத வேளையிலும் விழித்தே இருக்கும். 2018 ஜனவரியில் மும்பை நாயர் மருத்துவமனையில், நோயாளியின் உறவினர் ஒருவர் ஒட்சிசன் சிலிண்டருடன் அறைக்குள் சென்றபோது காந்தம் இழுத்ததில் உயிரிழந்தார். அறைக்குள் நுழையுமுன் ஒவ்வொருவரையும் கேள்வி கேட்டு, சோதித்து விடுவதே ரேடியோகிராபரின் முதற்கடமை.

எமது பிரதேசத்தில் அந்தக் கேள்விகள் வேறு ஊர்களிலும் பார்க்க நீளமானவை. யுத்த காலத்தில் பட்ட ஷெல் துண்டும் சன்னமும் உடலில் தங்கியபடியே வாழ்வோர் தமிழரிலும் உளர், முஸ்லிம்களிலும் உளர். கண்ணருகிலோ முள்ளந்தண்டருகிலோ இரும்புத்துண்டு இருப்பின், காந்தப்புலம் அதனை அசைத்துவிடலாம். ஒட்டு வேலை செய்பவரின் கண்ணில் இரும்புத்தூள் இருக்கலாம். இடுப்பில் தாயத்து, ஹிஜாபில் குண்டூசி, சேலையில் உலோகச் சரிகை, யாவும் கழற்றப்பட வேண்டியவை. தமிழ் தெரியாத ஒருவர் மொழிபெயர்ப்பாளர் வழியாக இவற்றைக் கேட்டால், விடையில் பாதி வழியிலேயே தொலையும். பெண்களிடம் பெண் ஒருவரே கேட்டு, உடைமாற்ற உதவ வேண்டும் என்பதைத் தனியே சொல்ல வேண்டியதில்லை.

இத்தகையோர் எங்கிருந்து வருவர்? பேராதனைப் பல்கலைக்கழகத்தின் இணைந்த சுகாதார விஞ்ஞான பீடம் ரேடியோகிராபிப் பட்டதாரிகளை உருவாக்குகின்றது. படத்தைப் படித்து அறிக்கையிடும் விசேட நிபுணர்கள் கொழும்புப் பல்கலைக்கழகப் பட்டப்பின் மருத்துவ நிறுவகத்தில் பயில்கின்றனர். 2022 நெருக்கடிக்குப் பின் வைத்தியர் பலர் நாட்டை விட்டுச் சென்றுள்ள நிலையில், நிபுணர் ஒருவர் கல்முனையில் நிரந்தரமாக அமர்வார் எனக் காத்திராமல், படங்களை இணையவழியே அனுப்பி அறிக்கை பெறும் ஒழுங்கை நாடலாம். ஆனால் இயந்திரத்தின் அருகில் நிற்பவர் இணையவழியே நிற்க முடியாது.

தொழில்நுட்பமும் இறங்கி வருகின்றது. 2020இல் அமெரிக்க அனுமதி பெற்ற 'ஸ்வூப்' எனும் சிறு இயந்திரம் 0.064 ரெஸ்லா மட்டுமே; ஹீலியம் வேண்டாம், சாதாரண மின் இணைப்பு போதும், கட்டிலருகே தள்ளிச் செல்லலாம். இது தலையை மட்டுமே படம்பிடிக்கும். முள்ளந்தண்டுக்கோ முழங்காலுக்கோ உதவாது. படத்தின் தெளிவும் குறைவு. பக்கவாதம் வந்தவுடன் இரத்தக்கசிவா அடைப்பா என்றறிய, நன்கு இயங்கும் சீ.ரீ. ஸ்கானே இன்றும் முதல் துணை. 2023இல் பெங்களூரின் வொக்சல்கிரிட்ஸ் நிறுவனம் இந்தியாவிலேயே வடிவமைத்த 1.5 ரெஸ்லா இயந்திரம் அறிமுகமானது. எம்மைக் கவர்வது உகண்டாவின் முபராரா. அங்குள்ள பல்கலைக்கழகத்தினர் 2022இல் நெதர்லாந்து ஆய்வாளர்களுடன் சேர்ந்து, உதிரிகளாக வந்த சிறுகாந்த இயந்திரமொன்றைத் தாமே பொருத்தி இயக்கினர். மூளையில் நீர் சேரும் குழந்தைகளே அவர்தம் இலக்கு. பொருத்தியவருக்குப் பழுது பார்க்கவும் தெரியும் அல்லவா? ஒலுவிலில் தென்கிழக்குப் பல்கலைக்கழகத்தின் பொறியியல் பீடம் இருக்கின்றது. இந்த வகைப் பயிற்சியை அங்கு சிந்திக்க இடமுண்டு.

இறுதியாக ஒரு கசப்பான விடயம். கல்முனையில் அஷ்ரப் ஞாபகார்த்த வைத்தியசாலையும் வடக்கு ஆதார வைத்தியசாலையும் கூப்பிடு தூரத்தில் உள்ளன. ஒன்றை முஸ்லிம்களுடையது, மற்றதைத் தமிழருடையது எனப் பேசுவது வழக்கமாகிவிட்டது. உப பிரதேச செயலக விவகாரத்தில் நடந்ததை மீண்டும் இயந்திரத்தின் பெயரால் நடத்தினால், கொழும்பு இருவருக்கும் இல்லையெனச் சொல்ல வசதியாகிவிடும். இரு வைத்தியசாலைகளின் அபிவிருத்திக் குழுக்களும் ஒரே கடிதத்தில் ஒரே இயந்திரத்தைக் கேட்கட்டும். அது எந்த வளவில் நின்றாலும், இரு தரப்பு நோயாளருக்குமான நேர அட்டவணை அக்கடிதத்திலேயே இருக்கட்டும். அதே கடிதத்தில், இயந்திரத்துக்குக் கேள்வி அறிவித்தல் விடுமுன்னரே, இக்கரையோரத்துப் பட்டதாரிகள் நால்வரை, அவர்களில் இருவரேனும் பெண்களாக, பயிற்சிக்கு அனுப்புமாறும் கோரட்டும்.